படம் மாறவேண்டிய இடம்

துபாயில், கராமாவில் நாங்கள் ஐந்து பேர் தங்கியிருந்த அறையில், என் கட்டிலுக்கு அடியில் ஓர் அட்டைப்பெட்டி இருந்தது. புதிதாக வருபவர்கள் அதை ஊருக்குக் கொண்டுபோகச் சேர்த்துவைத்த சாமான் என்று நினைப்பார்கள். திறந்து காட்டினால் முகம் தொங்கிவிடும். உள்ளே கட்டைவிரல் உயரத்தில் ஏழு டப்பாக்கள், ஒவ்வொன்றிலும் ஒரு ஃபிலிம் சுருள். கூடவே ஏழு இசைத்தட்டுகள். ஒன்றில்கூடப் பாட்டு கிடையாது. கார் விற்பது எப்படி என்று ஓர் அமெரிக்கர் ஏழு தட்டிலும் பேசிக்கொண்டே இருப்பார்.

அல் குசைஸில் ஒரு கார் கம்பெனியின் ஸ்பேர் பார்ட்ஸ் கவுண்டரில் அப்போது எனக்கு வேலை. பழைய கிடங்கை ஒழித்தபோது இந்தப் பெட்டி ஒரு மூலையிலிருந்து வந்தது. "கலாஸ், முடிஞ்ச கதை, தூக்கிப் போடு" என்றார் கிடங்குக்காரர். எனக்கு எதையும் தூக்கிப் போட மனசு வராது. ஒரு டப்பாவைத் திறந்து ஃபிலிமை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கழுத்துப்பட்டை கட்டிய ஒருவர் கார்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். அடுத்த கட்டத்தில் ஓர் அம்மாள் காரில் ஏறுகிறாள். அதற்கடுத்ததில் அவர் கதவைச் சாத்துகிறார். அவ்வளவுதான், நான் விழுந்துவிட்டேன்.

இது சினிமா அல்ல. அசையாத படங்கள், ஒரு சுருளுக்குத் தொண்ணூறு நூறு இருக்கும். தட்டில் குரல் ஓடிக்கொண்டிருக்க, உரிய இடம் வந்ததும் அடுத்த படம் திரையில் விழவேண்டும். எழுபதுகளில் எங்கள் கம்பெனி கார் விற்கப் புது ஆட்களை எடுத்தபோது இவற்றைப் போட்டுக் காட்டித்தான் பாடம் நடத்தியிருக்கிறார்கள்.

அறையில் என்னைக் கிண்டலடிக்க இது போதாதா? "ஒருத்தன் ஸ்டாம்ப் சேர்ப்பான், ஒருத்தன் காசு சேர்ப்பான். லைசென்ஸ் டெஸ்ட்ல நாலு தடவ ஃபெயிலானவன் கார் விக்கிற பாடத்தச் சேக்கிறான் பாரு" என்றார் மேல்கட்டில்காரர். நான்கு அல்ல, மூன்று. நான்காவது பிறகுதான் நடந்தது.

ஷார்ஜாவில் ஒரு பழைய சாமான் கடையில் தட்டு ஓட்டும் பெட்டி ஒன்று கிடைத்தது. ஃபிலிமை வைக்கும் மூடியோடு ஒரு ஸ்கேனரும் வாங்கினேன். வெள்ளிக்கிழமைதோறும் மற்றவர்கள் சமைத்துச் சாப்பிட்டுத் தூங்குவார்கள். நான் வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு ஃபிலிமில் ஒட்டிய மணலைத் தூரிகையால் தட்டிக்கொண்டிருப்பேன். படங்கள் எல்லாம் வயதாகி வெற்றிலை போட்ட வாய்போலச் சிவந்திருந்தன. கம்ப்யூட்டரில் சிவப்பைக் குறைத்து, நீலத்தைக் கூட்டி, வானத்தை மறுபடி வானமாக்க ஒரு படத்துக்கு அரைமணி நேரம் ஆகும்.

அந்த அரைமணி நேரமும் எனக்குச் சந்தோஷம்தான். யாரோ பெயர் தெரியாத ஒரு புகைப்படக்காரர், யாரும் கொண்டாடப்போவதில்லை என்று தெரிந்தே, இவ்வளவு சிரத்தையாக எடுத்திருக்கிறார். காரின் மூக்கில் நிழல் விழாது. விற்பவரின் கை ஒருபோதும் வாங்குபவரின் முகத்தை மறைக்காது. ஒரு சுருள் முழுக்கப் பனிக்காலத்தில் காரின் ஹீட்டரை எப்படிச் சொல்லி விற்பது என்பதுதான் பாடம். வெளியே நடந்தால் செருப்பு உருகும் ஊரில் உட்கார்ந்து, கோட்டு போட்ட பையன்கள் இதையும் பயபக்தியோடு குறிப்பெடுத்திருப்பார்கள் என்று நினைத்துச் சிரிப்பேன். ஆனாலும் பாடம் அருமையான பாடம். பேசாதே, சாவியை அவர் கையில் கொடு என்று ஓர் இடத்தில் வரும். இன்றைக்கும் எந்தக் கடைக்காரருக்கும் இதைத்தான் சொல்வேன்.

குரலையும் பதிவு செய்தேன். அதில் ஓயாமல் ஒரு முனகல் கேட்டது. எனக்குத் தெரிந்த முனகல்தான். சரியாக எர்த் கொடுக்காத பெட்டியில் மின்சாரம் போடும் சத்தம். அதை மட்டும் பிடித்துத் துடைக்கும் வசதி கம்ப்யூட்டரில் இருந்தது. துடைத்தேன். குரல் கண்ணாடிபோல ஆனது. இடம் போதாததால் பழைய பதிவின்மேலேயே சேமித்தேன். ஏழு தட்டுக்கும் இதையே செய்துவிட்டு, பெரிய காரியம் முடித்தவன் மாதிரி இரண்டு புரோட்டா கூடுதலாகச் சாப்பிட்டேன்.

இனித் தட்டுகளைக் கம்பெனியிலேயே திருப்பி வைக்கலாம் என்று நண்பரின் காரில் பின்பக்கம் வைத்தேன். ஜூலை மாதம். அவர் காரை வெயிலில் நிறுத்திவிட்டு டியூட்டிக்குப் போய்விட்டார். மாலையில் திறந்தால் ஏழும் பொரித்த அப்பளமாக வளைந்து கிடந்தன. அதனால் என்ன, அதுதான் கம்ப்யூட்டரில் இருக்கிறதே என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

நான் பழைய சுருள்களைச் சரிசெய்த சேதி எப்படியோ ஜெனரல் மேனேஜர் காதுக்குப் போனது. அவர் பம்பாய்க்காரர். இளைஞராக வந்து, இந்தச் சுருள்களைப் பார்த்துப் பாடம் படித்து, உடனே மஸ்கட் கிளைக்குப் போனவர். பல வருடம் கழித்துத் தலைமை அலுவலகத்துக்குத் திரும்பி வந்தார். தேராவில் இருந்த எங்கள் பழைய ஷோரூமை மூடிவிட்டுப் புதிய இடத்துக்குப் போகவிருந்த நேரம் அது. பிரிவுபசார விழாவில் முதல் சுருளைக் காட்டமுடியுமா என்று என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"ரெடி சார்" என்றேன். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது எனக்குப் பழைய பழக்கம்.

அப்போது அந்த அறையில் டீ வைத்துக்கொண்டிருந்தவர் ஃபர்ராஷ் பாய். டீ கொடுப்பது, ஃபைல் கொண்டுபோவது, மேஜை துடைப்பது எல்லாம் செய்பவரை அங்கே ஃபர்ராஷ் என்பார்கள். அதிராம்பட்டினம் பக்கத்துக்காரர். அறுபதை நெருங்கியவர். விசா முடிந்து, விழாவுக்கு மறுவாரம் ஒரேயடியாக ஊருக்குப் போகிறார் என்பது எல்லாருக்கும் தெரியும். வலது கையில் ஆள்காட்டி விரல் பாதிதான் இருக்கும். நான் வெளியே வந்ததும் டீத் தட்டோடு பின்னால் வந்தார்.

"தம்பி, படம் மாத்தச் சொல்லி அந்த ரெக்கார்டுத் தட்டுல மணி அடிக்காதே. எந்த இடத்துல படத்த மாத்துவிய?"

"பேச்சைக் கேட்டாத் தெரியாதா பாய்?" என்றேன்.

அவர் சிரித்துவிட்டுப் போனார். இவருக்கு இதில் என்ன தெரியும் என்று நினைத்தேன். இப்போது எழுதும்போதும் காது சுடுகிறது.

பேச்சைக் கேட்டால் தெரியவில்லை. அமெரிக்கர் ஒரே வாக்கியத்தில் டயரிலிருந்து தவணைக்கு, தவணையிலிருந்து வாங்குபவரின் மனைவிக்குத் தாவுவார். நான் ஓட்டிப் பார்த்தபோது, உறுதியான டயர் என்று குரல் சொல்லும், திரையில் அந்த அம்மாள் நிற்பாள். இணையத்தில் இதே பைத்தியம் பிடித்தவர்களின் குழு ஒன்று இருந்தது. அங்கே கேட்டேன். ஓர் அமெரிக்கர் பதில் போட்டார். இந்த வகைத் தட்டுகளில் காதுக்குத் தனியாகத் தெரியாத அளவுக்குத் தாழ்ந்த ஓர் அதிர்வு, விநாடிக்கு ஐம்பது என்ற கணக்கில், படம் மாறவேண்டிய ஒவ்வோர் இடத்திலும் வைத்திருப்பார்கள். மெஷின் அதை உணர்ந்து தானாகப் படத்தைத் தள்ளும் என்றார். அவர் நாட்டில் மின்சாரத்தின் முனகல் விநாடிக்கு அறுபது. நம் ஊரிலும் துபாயிலும் ஐம்பது. நான் முனகலைத் துடைத்தபோது, படம் மாறும் இடங்கள் அத்தனையையும் சேர்த்துத் துடைத்திருக்கிறேன்.

தட்டுகளோ அப்பளம். பழைய பதிவும் இல்லை. விழாவுக்கு மூன்றே வாரம். எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. அப்போதுதான் பாய் கேட்ட கேள்வி நினைவுக்கு வந்தது. அந்தத் தட்டில் மணி அடிக்காது என்று டீ கொடுப்பவருக்கு எப்படித் தெரியும்?

மறுநாள் அவரைத் தேடிப்போய் நடந்ததைச் சொன்னேன்.

"என்ன தம்பி இப்புடிப் பண்ணிப்புட்டிய" என்றார். பிறகு தானே சொன்னார். "அந்த மெஷினு தானா ஓடும்னுதான் கொண்டாந்தாங்க. இங்க வந்து கரண்டு குடுத்ததும் அதுக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சு. பேசுறதுக்கு முன்னாடியே படபடன்னு பத்துப் படம் ஓடிடும். அப்பறம் அந்த ஒயரக் கழட்டிப்புட்டு என்னய நிறுத்திட்டாங்க. கையால நாந்தான் மாத்துவேன். வீடியோ வர்ற வரைக்கும் ஏழெட்டு வருசம்."

அதாவது, அந்த மெஷினும் நான் ஏமாந்த இடத்திலேயே ஏமாந்திருக்கிறது. மின்சாரத்தின் முனகலை அடையாளம் என்று எண்ணித் தாண்டியிருக்கிறது. இரண்டையும் பிரித்தறியத் தெரிந்தவர் இந்த ஆள் ஒருவர்தான்.

"உங்களுக்கு இங்கிலீஷ் புரியுமா பாய்?"

"அது எதுக்கு? ஸ்பீக்கர் பெட்டியில இடது கைய வச்சிருப்பேன். எப்பவும் கொர்ருன்னுதான் இருக்கும். மாத்த வேண்டிய எடத்துல மட்டும் ஒரு அடி கூடுதலா அடிக்கும். கொஞ்ச நாள்ல அதுவும் வேண்டியதில்லாமப் போச்சு. அந்த ஆளு மூச்சு இழுக்குறதுலயே தெரிஞ்சிரும்."

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்து கராமாவுக்கு வந்தார். அறையில் இருந்த ஒரே நாற்காலியைக் கொடுத்தோம். குரலை ஓடவிட்டேன். இடது கையை ஸ்பீக்கர்மேல் வைத்தார். அங்கே இப்போது எந்த அதிர்வும் இல்லை, நான்தான் துடைத்துவிட்டேனே. ஆனாலும் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார். வலது கையின் பாதி விரல் மேஜையில் ஒருமுறை தட்டியது. நான் படத்தை மாற்றினேன். மறுபடி தட்டியது. மாற்றினேன். டயர் என்ற இடத்தில் டயர் வந்தது. மனைவி என்ற இடத்தில் மனைவி வந்தாள். தொண்ணூற்றாறு படம், ஒன்றுகூடப் பிசகவில்லை. கேலி செய்த மேல்கட்டில்காரர் கீழே இறங்கி வந்து, வாயைத் திறந்தபடி நின்றார்.

என் கண் கலங்கிவிட்டது. சங்கீதம் கேட்டுக்கூட எனக்கு அப்படி ஆனதில்லை. ஒரு சொல்லும் புரியாத பேச்சை, இருபது வருடத்துக்கு மேல் ஒருமுறையும் கேட்காத பேச்சை, மூச்சு மூச்சாக உள்ளே வைத்திருக்கிறார். தட்டில் பேசிய அமெரிக்கரே வந்தாலும் இப்படிச் சொல்லியிருக்கமாட்டார்.

கதவைச் சாத்தும் படம் வந்தபோது மட்டும் கண்ணைத் திறந்து சிரித்தார். கதவை எப்போதும் மெல்லச் சாத்தவேண்டும், அந்தச் சத்தத்தில்தான் காரின் தரம் தெரியும் என்று பாடம் சொல்லும் இடம் அது. "இந்தப் படத்தப் பாத்து எல்லாரும் எழுதிக்கிட்டாக. மறுநா அதுல ஒருத்தரு சாத்துன கதவுலதான் இந்த வெரலு போச்சு" என்றார்.

எழுபத்தோராவது படத்தில் ஒரு விசித்திரம் செய்தார். விரலால் தட்டாமல், கையைத் தூக்கி, மானிட்டருக்கு முன்னால் விரித்துப் பிடித்தார். சில விநாடி கழித்துக் கையை இறக்கி மறுபடி தட்டினார். அந்தப் படத்தில் வியாபாரம் முடிந்து, வாங்கியவர் வீட்டில் எல்லாரும் மதுக் கோப்பையைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். கையில்லாத கவுன் போட்ட அந்த அம்மாளும்தான்.

"மொதலாளி, அர்பாப் வீட்டு ஆளுங்களும் வந்து ஒக்காருவாங்க தம்பி. முத தடவ இந்தப் படம் வந்ததும் மேனேஜருக்கு வேர்த்துப்போச்சு. அன்னையிலேருந்து கையால மறச்சிடுவேன். கண்ணாடி சுடுங்கிறதால கொஞ்சம் தள்ளித்தான் புடிக்கணும். சொவத்துல பெரிய கை விழும். பயலுவ எல்லாம் விசிலடிப்பானுவ. நீங்க இத எடுத்துப்புடுங்க."

நான் எடுக்கவில்லை. உள்ளது உள்ளபடி இருக்கவேண்டும் என்பது என் வறட்டுக் கொள்கை. ஐந்து விநாடிப் படத்தை யார் கவனிக்கப்போகிறார்கள் என்றேன். அவர் வற்புறுத்தவில்லை.

மூன்று வெள்ளிக்கிழமைகளில் ஏழு சுருளும் முடிந்தன. கடைசி நாள் போகும்போது வாசலில் நின்றார். "தம்பி, நான் மெஷினு ஓட்டுனவன்னு இந்த சேல்ஸ் பயலுவகிட்ட ஒரு தடவ சொன்னேன். டீ மெஷினான்னு கேட்டுச் சிரிச்சானுவ. அதோட விட்டுட்டேன். ஜி.எம். சாருக்கும் தெரியாது. இருட்டுல பின்னாடி நிப்பேன், லைட்டு போடுறதுக்குள்ள டீ எடுக்கப் போயிடுவேன். போறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவ மெஷினுகிட்ட நின்னுட்டுப் போறேனே. டீத் தட்டு வேணாம் அன்னைக்கி."

முப்பது வருடத்தில் அவர் யாரிடமும் எதுவும் கேட்டதாக நான் அறியவில்லை. சரி என்றேன்.

அட்மின் சூப்பர்வைசர் சரி என்று சொல்லவில்லை. "அவர் டீ டியூட்டி. பட்டனை நீயே அழுத்து" என்றார். நேரம் எல்லாம் ஒரு தாளில் எழுதித்தான் வைத்திருந்தேன். அதைப் பார்த்து நானே அழுத்தியும் பார்த்திருந்தேன். ஒவ்வொரு படத்துக்கும் ஒரு மூச்சு பிந்தினேன். பாதி வழியில் எண்ணிக்கை தவறி, குரல் ஒரு பக்கமும் படம் ஒரு பக்கமுமாகப் போனது. அதைச் சொன்னேன், அவர் கேட்கவில்லை. எனக்குச் சுர்ரென்று ஏறியது. அப்படியானால் லேப்டாப்பை மூடிக்கொண்டு ரூமுக்குப் போகிறேன், ஜி.எம்.மிடம் நீங்களே பதில் சொல்லுங்கள் என்று ஷோரூம் நடுவிலேயே கத்தினேன். குடிக்க எல்லாம் கொடுத்து முடித்த பிறகு நிற்கலாம் என்று இறங்கிவந்தார்.

வியாழக்கிழமை மாலை விழா. ஷோரூமிலிருந்து கார்களை வெளியே எடுத்துவிட்டு நாற்காலி போட்டிருந்தார்கள். முன்வரிசையில் அர்பாப் குடும்பம், அவர்களுக்குப் பக்கத்தில் ஜெனரல் மேனேஜர், பின்னால் விற்பனைக்காரர்கள். பாய் ஜூஸ் கொடுத்து முடித்து, தட்டைச் சமையலறையில் வைத்துவிட்டு, கையை நன்றாகத் துடைத்துக்கொண்டு வந்தார். சீருடைச் சட்டையின் மேல்பட்டனைப் போட்டுக்கொண்டார். இடது கை ஸ்பீக்கர்மேல் போனது. விளக்கை அணைத்தார்கள்.

குரல் தொடங்கியது. அவர் விரல் பட்டனில் இறங்கியது. படங்கள் பழைய நீலத்தோடும் பச்சையோடும் சுவரில் பெரிதாக விழுந்தன. முதலில் சளசளவென்று இருந்த கூட்டம் மெல்ல அமைதியானது. குரலும் படமும் அப்படி ஒட்டிப் போகும்போது யாருக்கும் பேசத் தோன்றாது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. எழுபதாவது படம் வந்ததும்தான் எனக்கு உறைத்தது. முன்வரிசையில் அர்பாபின் அம்மா, அக்கா, குழந்தைகள் எல்லாரும் இருந்தார்கள். அடுத்தது மதுக் கோப்பை. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல் இருந்தது.

பாய் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பட்டனை அழுத்திய கை அப்படியே எழுந்து ஒளிக்கு முன்னால் விரிந்தது. சுவர் முழுக்க ஒரு கறுத்த கை. நான்கு விரல் முழுசு, ஒன்று பாதி.

முன்வரிசையிலிருந்து ஒரு விசில் கிளம்பியது. விரலை வாயில் வைத்து அடிக்கும் முழு விசில். ஜெனரல் மேனேஜர்தான். "அரே, யே தோ வஹீ ஹாத் ஹை!" என்று கத்தினார். அதே கை, இது அதே கை என்று சொல்லிக்கொண்டே எழுந்தார். கை இறங்கி அடுத்த படம் விழுந்துவிட்டது. அவர் சுவரைப் பார்க்கவில்லை, நாற்காலிகளுக்கு நடுவே புகுந்து பின்னால் வந்தார். விற்பனைக்காரர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். இருட்டில் மெஷின் பக்கத்தில் நிற்பவர் யாரென்று குனிந்து பார்த்தார். பிறகு அந்த வலது கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். இத்தனை வருடம் இந்தக் கையால்தானே டீ வாங்கிக் குடித்தேன், ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா பாய் என்று இந்தியில் கேட்டார்.

பாய்க்கும் கண் நிறைந்துவிட்டது, என்னால் பார்க்கமுடிந்தது. ஆனால் ஸ்பீக்கரில் அந்த அமெரிக்கர் மூச்சு இழுத்தார்.

"சார், ஏக் மினிட்" என்று பாய் கையை மெல்ல உருவிக்கொண்டு பட்டனை அழுத்தினார். சரியான இடத்தில் படம் மாறியது.